மூன்றாவது படி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு அப்டேட் அறுபத்திரண்டு சதவீதம் வரை ஏறி, அங்கேயே நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூன்றாவது முறையாகக் கீழே இறங்க ஆரம்பித்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற கதைதான். நிறுவல் தோல்வியடைந்தது, பழைய நிலைக்குத் திரும்புகிறோம் என்று திரை மரியாதையாகச் சொன்னது. சர்வரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் கண்களை அழுத்திக்கொண்டாள். திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

பஸ் டெப்போவில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்து பதினோரு வருடமாகிறது. வைத்தது டிரைவர்கள். "சர்வரம்மா, நாளைக்கு ஒரு காலை ஷிஃப்ட், சூடா" என்று சாப்பாட்டுக் கடையில் கேட்கிற மாதிரி ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். முதல் வருடம் சிரித்தாள், இரண்டாவது வருடம் முறைத்தாள், அதற்குப் பிறகு பெயர் தோலோடு ஒட்டிக்கொண்டது. அவள் உட்கார்ந்திருந்த அறை ஒரு காலத்தில் டயர் அடுக்கிவைத்த அறை. எவ்வளவு குளிரூட்டியும் ரப்பர் வாசனை போகவில்லை. சர்வருக்குக் குளிர் வேண்டும், அவளுக்கு ஆகாது. ஆகவே வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த டெப்போவின் இருநூற்று எண்பது டிரைவர்களுடைய விதியும் சர்வர் என்கிற அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான் இருந்தது. தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு வேலை தானாக ஓடும். அதற்கு ஐந்து படிகள். முதல் படி, அன்றைக்கு எந்தெந்தப் பஸ் எந்தெந்த ரூட் என்று எடுக்கும். இரண்டாவது, யார் யார் லீவு என்று பார்க்கும். மூன்றாவது, நேற்று ராத்திரி எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். நான்காவது, எட்டு மணி நேர ஓய்வு கிடைக்காத டிரைவரை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஸ்பேர் டிரைவரைப் போடும். ஐந்தாவது, டூட்டி ஷீட்டை அச்சடித்துத் தள்ளும். எல்லாம் முடிந்தால் திரையில் ஒரு பச்சை டிக் விழும்.

போன வியாழக்கிழமை மாலை இந்தப் பாழாய்ப்போன அப்டேட்டை முதல் முறை போட்டபோது, அது பாதியில் நின்று, போகிற போக்கில் அந்த நாலு மணி வேலையையும் படுக்கவைத்துவிட்டது. வெள்ளியும் சனியும் ஷீட் இல்லை. டூட்டி கிளார்க் கையால் எழுதினார். எட்டு மணிவரை பாதிப் பஸ் நகரவில்லை. சனி மதியம் எப்படியோ தட்டிக்கொட்டி வேலையை ஓடவைத்தாள். ஞாயிறு காலை பச்சை விழுந்தது. ஆனால் அப்டேட் போட்டே ஆக வேண்டும், இந்த மாதக் கடைசிக்குப் பிறகு சர்வருக்கு எந்த உதவியும் கிடையாது என்று சாஃப்ட்வேர் கம்பெனி கடிதம் போட்டிருந்தது. மேனேஜர் அவளுக்கு ஞாயிறு மூன்று மணிவரை நேரம் கொடுத்தார். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்ன மாதிரி இருந்தது.

இதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். அவளை அரித்தது வேறு. மறுநாள் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவள் வீட்டுக்காரருக்குக் கடைசி விசாரணை.

அவரும் இதே டெப்போவில்தான் டிரைவர். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சிராய்ப்பு கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலை ஆறு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், காலியான சாலையில், பஸ்ஸைக் கொண்டுபோய் ஒரு நிறுத்தத்தின் கூரைத்தூணில் மோதினார். உள்ளே இருந்த ஒரு டீச்சருக்குக் கை முறிந்தது. கண் அசந்துவிட்டேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். முந்தின ராத்திரி ஒரு லாரி கவிழ்ந்து சாலை அடைத்துக்கொண்டதால் உள்ளே வரும்போதே மணி ஒன்று தாண்டிவிட்டது, டெப்போ ஓய்வறையில் மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை, அஞ்சு இருபதுக்கு மறுபடி ஸ்டியரிங் என்று சொன்னார். விசாரணை அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். வந்த நேரம் எட்டு ஐம்பது என்று அதில் இருந்தது. கேட்டுக்காரரைக் கேட்டார்கள். புது மெஷின் வந்ததிலிருந்து நான் எழுதறதில்லை, எல்லாம் அதுதான் எழுதுது, எனக்கு ஞாபகமில்லை என்று அவர் கையை விரித்தார். கண்டக்டர் இல்லாத பஸ், கடைசி டிரிப், பயணிகளும் இல்லை. சாட்சி சொல்ல ஒரு ஈ காக்கை கிடையாது.

வீட்டிலாவது ஒரு சாட்சி இருந்திருக்க வேண்டும். சர்வரம்மா அவரை நம்பவில்லை. லேட்டாக வந்திருந்தால் நாலாவது படி உங்களைத் தானாகவே ஒதுக்கியிருக்குமே, அதை எழுதினவளே நான்தானே என்று கேட்டாள். அவ்வளவு லேட் ஆகியிருந்தால் எனக்கு ஒரு போன் பண்ணியிருக்க மாட்டீர்களா என்றும் கேட்டாள். நீ தூங்கியிருப்பாய் என்றுதான் பண்ணவில்லை என்றார் அவர். ஓய்வறையில் சீட்டுக் கச்சேரி நடப்பது டெப்போவுக்கே தெரிந்த விஷயம். எட்டு ஐம்பதுக்கு வந்து விடிய விடியச் சீட்டு ஆடியிருக்கிறார், அதைச் சொல்ல வெட்கப்படுகிறார் என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள். நான்கு தடவை சொல்லிப் பார்த்த மனிதர் ஐந்தாவது தடவை சொல்லவில்லை. இரண்டு மாதமாக அந்த வீட்டில் தண்ணீர் வந்ததா, கேஸ் தீர்ந்ததா என்கிற அளவுக்குத்தான் பேச்சு. நாளைக்குத் தீர்ப்பு பாதகமாக வந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு பஸ் கழுவுகிற இடத்துக்கு அனுப்புவார்கள். அந்த மனிதரை அதற்குப் பதில் வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

போன் அடித்தது. சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணிலிருந்து பேசுகிறவர். அவருக்கு அவள் மனதுக்குள் நிதானம் என்று பெயர் வைத்திருந்தாள். வீடு பற்றி எரிகிறது என்றாலும், எந்த அறை அம்மா, எத்தனை சதவீதம் எரிந்திருக்கிறது என்று கேட்கிற குரல். முதல் தோல்விக்கு, மெஷினை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றார். இரண்டாவது தோல்விக்கு, பின்னால் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்துங்கள் என்றார். இப்போது பதினாலாயிரம் வரி உள்ள பதிவேட்டை அனுப்பச் சொல்லி, அதைக் கால் மணி நேரம் படித்துவிட்டு, டிஸ்கில் இடம் போதவில்லை என்றார். இடம் போதவில்லை என்பதை இடம் போதவில்லை என்று சொல்லாமல், பதினாலாயிரம் வரிக்கு நடுவில் ஓர் எண்ணாகச் சொல்லும் ஒரு சாஃப்ட்வேரை எந்த மகராசன் எழுதினானோ என்று அவள் நினைத்தாள்.

எதுவோ உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது, பார்த்து ஒரு மாதத்துக்கு முந்தியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், ஒரு மணிக்கு நான் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி நிதானம் போனை வைத்தார். அவள் ஃபிளாஸ்கிலிருந்து ஆறின டீயை ஊற்றிக் குடித்துவிட்டுத் தேட ஆரம்பித்தாள். தேடுகிற சிரமமே வைக்கவில்லை. கேட் கம்ப்யூட்டர் தன் கோப்புகளைக் கொண்டுவந்து போடுகிற இடம்தான் பூதம் மாதிரி வீங்கியிருந்தது. உள்ளே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோப்பு, கூடவே அன்றைக்கு உள்ளே வந்த, வெளியே போன ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு போட்டோ. புது கேட் மெஷினில் கேமரா இருக்கிறதல்லவா, அதன் கைங்கரியம். ஏழு மாதக் குப்பை. கடைசி ஒரு மாதத்தை விட்டுவிட்டு மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நீக்கு என்று தட்டினாள். இவற்றை நிரந்தரமாக நீக்கிவிடவா, மீட்க முடியாது என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி கேட்டது.

ஆமாம் என்று அழுத்தப் போன விரல் நின்றது. அதற்குக் காரணம் அறிவு அல்ல, பழக்கம். படித்து முடித்த கோப்புகளை மூன்றாவது படி தானாகவே 'முடிந்தவை' என்கிற இடத்துக்கு நகர்த்திவிடும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். அப்படியானால் இவை ஏன் இன்னும் இங்கேயே கிடக்கின்றன?

பெட்டியை மூடினாள். நாலு மணி வேலையின் வரலாற்றைத் திறந்தாள். இன்று காலை, பச்சை. அப்டேட் படுத்திய இரண்டு நாளை விட்டால் அதற்கு முன்னால் எல்லாம் பச்சை. இந்தப் பச்சைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டல் குறி உண்டு. அழுத்தினால் ஐந்து படிகளும் தனித்தனியாக விரியும். அவள் அதை அழுத்திப் பல மாதமாகிறது. சிவப்பாக இருப்பதைத்தான் மனுஷர்கள் திறந்து பார்ப்பார்கள், பச்சையாக இருப்பதை யார் திறக்கிறார்கள்? அழுத்தினாள். மூன்றாவது படிக்கு எதிரே சிவப்பு. வியாழக்கிழமையைத் திறந்தாள், சிவப்பு. அதற்கு முந்தின வாரமும் சிவப்பு. மூன்றாவது படி தோற்றிருக்கிறது, வேலை ஜெயித்திருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு அந்த விடியற்காலை நினைவுக்கு வந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால், புது கேட் மெஷின் வைத்த முதல் நாள். நாலே காலுக்கு மேனேஜர் வீட்டுக்குப் போன் பண்ணி, ஷீட் வரவில்லை, நூறு டிரைவர் முற்றத்தில் நிற்கிறான் என்று கத்தினார். அவள் படுக்கையில் உட்கார்ந்தபடியே மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். மூன்றாவது படி தடுக்கி விழுந்திருந்தது. பழைய கேட் கம்ப்யூட்டர் ஒரு வரியில் ஐந்து கட்டம் அனுப்பும். புதியது போட்டோவின் பெயரையும் சேர்த்து ஆறு அனுப்பியது. ஐந்தை எதிர்பார்த்த சர்வர் ஆறைப் பார்த்ததும் மூர்ச்சை போட்டுவிட்டது. அதைச் சரிசெய்ய அரை மணி நேரமாகும். ஒவ்வொரு படிக்கும் தோற்றால் என்ன செய்வது என்று ஒரு கேள்வி உண்டு. 'நின்றுவிடு' என்று இருந்ததை 'அடுத்த படிக்குப் போ' என்று மாற்றினாள். அரை நிமிட வேலை. ஷீட் வந்தது. முற்றத்தில் டிரைவர்கள் கைதட்டினார்கள் என்று மேனேஜரே சொன்னார். சாயங்காலம் சரிசெய்துகொள்ளலாம் என்று இருந்தாள். அன்று சாயங்காலம் டிக்கெட் மெஷின்கள் மொத்தமாக நின்றன. மறுநாள் காலை பச்சை விழுந்தது. அதற்கு அடுத்த நாளும் பச்சை விழுந்தது. அத்தோடு மறந்தே போய்விட்டாள்.

மூன்றாவது படி தோற்றால், வந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால், வந்திருக்க வேண்டிய நேரத்தை அங்கே போட்டுக்கொள் என்று நாலாவது படியில் ஒரு வரி. அந்த வரியையும் எழுதியவள் அவள்தான். ஏழு மாதமாக எந்த டிரைவரும் லேட்டாக வரவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப்படி எல்லோரும் சரியான நேரத்துக்கு வந்தார்கள், எட்டு மணி நேரம் தூங்கினார்கள், எழுந்து ஓட்டினார்கள். தூக்கம் பத்தலைம்மா என்று ஜன்னலில் வந்து நின்றவர்களுக்கு அவள் என்ன சொன்னாள்? கம்ப்யூட்டர் பார்த்துத்தான் போடுது, போங்க என்றாள்.

இரண்டு மாதத்துக்கு முந்தின அந்தத் தேதியைத் தேடினாள். ராத்திரி எட்டு ஐம்பதில் அவர் பஸ் இல்லை. ஒன்பதில் இல்லை. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு இருந்தது. போட்டோவைத் திறந்தாள். கண்ணாடி முழுக்க மழைத்தண்ணீர். நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது. கேட் திறக்கக் காத்திருக்கும் டிரைவர் சீட்டில், ஜன்னலில் முழங்கையை ஊன்றி, வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டபடி அவள் வீட்டுக்காரர். நெற்றியில் நரைமுடி ஒட்டியிருந்தது. இருபது வருடம் பக்கத்தில் படுத்த மனிதரை இவ்வளவு களைப்பாக அவள் பார்த்ததில்லை. ஸ்வெட்டர் கையால் வாயை அடைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் அதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

அழுது முடித்தபின் மூளை வேலை செய்தது. அது சொன்ன யோசனை ஒன்றும் கெட்ட யோசனை மாதிரி தெரியவில்லை. அந்த ஒரு நாள் கோப்பை மட்டும் கையால் ஏற்றிவிட்டால் போதும். ஆறாவது கட்டத்தை வெட்டிவிட்டு, ஒரு கட்டளை, ஒரு தட்டு. நாளைக்கு அதிகாரி திரையைத் திருப்பும்போது ஒன்று பன்னிரண்டு என்று காட்டும். பொய் ஒன்றும் இல்லையே, நடந்ததுதானே? அவர் தப்பிப்பார். மூன்றாவது படியையும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம், பழைய குப்பையை அழித்துவிடலாம், அப்டேட்டும் ஏறிவிடும். நிதானம் சந்தோஷப்படுவார். யார் கண்ணிலும் எதுவும் படாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம்தான், ஆனால் சோறு போடுகிறவளே மறைத்தால் யாருக்குத் தெரியும்?

கட்டளையை அடித்தே விட்டாள். ஓட்டுவதற்கு முன்னால், மெஷின் இன்னும் அதே ஆறு கட்டம்தான் அனுப்புகிறதா என்று ஒருமுறை ஒத்துப்பார்க்க இன்றைய கோப்பைத் திறந்தாள். பதினோரு வருடம் பார்த்த வேலை, அப்படிச் சரிபார்க்காமல் அவளால் எதையும் ஓட்ட முடியாது.

நேற்று ராத்திரி பாலத்தில் ஒரு பக்கம் அடைத்துப் பைப் வேலை நடந்திருக்கிறது போலிருக்கிறது. வரிசையாக எல்லோருமே லேட். நள்ளிரவுக்கு மேல் உள்ளே வந்தவர்களை எண்ணினாள். அதில் இன்று காலை ஆறுக்குள் மறுபடி வெளியே போனவர்களை எண்ணினாள். பதினொரு பேர். இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு ஒரு போட்டோ இருந்தது. வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர். கேட் திறக்கிற அந்த அரை நிமிடத்துக்குள் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துவிட்டார். அடுத்த வரியில் அவர் காலை ஐந்தரைக்கு வெளியே போயிருக்கிறார். டூட்டி முடிவது ஒன்றரைக்கு. திரையின் மூலையில் மணி பன்னிரண்டு இருபது.

ஜன்னலுக்கு வெளியே முற்றம் காலியாக இருந்தது. பஸ்கள் எல்லாம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அடித்துவைத்த கட்டளையை அவள் ஓட்டவில்லை. மேனேஜரைக் கூப்பிட்டாள்.

மேனேஜர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்க வேண்டும். கை ஈரமாக இருந்தது. வருவதற்குள் அவள் பதினொரு பெயரையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். முதலில் இவர்களை இறக்குங்கள், மீதியை அப்புறம் சொல்கிறேன் என்றாள். அவர் எதுவும் கேட்காமல் கண்ட்ரோல் ரூமுக்குப் போன் பண்ணி, ஓய்வறையிலிருந்த ஸ்பேர் டிரைவர்களை ஜீப்பில் ஏற்றி அனுப்பச் சொன்னார். மனிதர் கத்துவாரே தவிர, வேலை என்று வந்தால் கல்லுப்பிள்ளையார் அல்ல. பிறகு உட்கார்ந்தார். அவள் கூட்டல் குறியை அழுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினாள். தன் கையால் மாற்றிய அந்தக் கேள்வியையும், அதன் பதிலையும் காட்டினாள். கடைசியாக ஒன்று பன்னிரண்டு போட்டோவைக் காட்டினாள்.

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், அந்தக் குளிரிலும்.

"நீங்க அவர் சம்சாரம்" என்றார். "சர்வர் உங்க கையில இருக்கு. நீங்களே உண்டாக்கின ஃபோட்டோன்னு ஒருத்தன் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதனாலதான் சார் எதையும் தொடல. அதே கோப்பு கேட் மெஷின்லயும் இருக்கும், அது என் கையில இல்ல. விசாரணை அதிகாரியைக் கூட்டிட்டு வாங்க. அவரே திறந்து பாக்கட்டும்."

"பாத்தா உங்க வேலைக்கே வேட்டு."

"தெரியும் சார்."

அவர் திரையின் மூலையில் அடித்துவைத்திருந்த கட்டளையைப் பார்த்தார். முப்பது வருடம் டெப்போவில் குப்பை கொட்டியவர், அது என்னவென்று புரிந்துகொள்ள அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. இதை ஓட்டியிருந்தால் எனக்குத் தெரியவே தெரிந்திருக்காதே என்றார். குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை, வருத்தப்படுகிற மாதிரிதான் இருந்தது. அவரும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவருக்கு மேலேயும் நாற்காலிகள் உண்டு.

"ஓட்டியிருப்பேன் சார்" என்றாள். "ரேடியோவைப் பாக்கலைன்னா ஓட்டியிருப்பேன்."

மேனேஜர் எழுந்தார். அதிகாரிக்குப் போன் பண்ண வெளியே போனார். அவள் மூன்றாவது படியைத் திறந்து, ஆறாவது கட்டத்துக்கும் இடம் வைத்து எழுதினாள். ஏழு மாதமாகத் தள்ளிப்போட்ட அரை மணி நேர வேலை பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. பிறகு, தோற்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு 'நின்றுவிடு' என்று பதில் மாற்றினாள். மாற்றிய நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மேனேஜர் வந்ததும் அவரிடமும் வாங்கிக்கொண்டாள்.

ஒரு மணிக்குச் சொன்னபடி நிதானம் கூப்பிட்டார். இடம் காலி ஆயிற்றா அம்மா என்றார். இல்லை, அந்தக் கோப்புகளை அழிக்க முடியாது, இன்றைக்கு அப்டேட் வேண்டாம் என்றாள். அப்படியானால் புகாரை மூடுகிறேன், காரணம் என்ன என்று போடட்டும் என்று கேட்டார். எங்கள் தப்பு என்று போடுங்கள் என்றாள். எதிர்முனையில் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அவர், பட்டியலில் அப்படி ஒரு காரணம் இல்லை அம்மா, 'வேறு காரணம்' என்று போட்டுவிடுகிறேன் என்றார்.

ஒன்றே முக்காலுக்குப் பதினொரு பேரும் வண்டியை விட்டு இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. ரேடியோ மட்டும் ஜீப்பில் வரும்போதே தூங்கிவிட்டாராம், எழுப்ப மனமில்லாமல் ஜீப்பிலேயே விட்டுவைத்திருக்கிறார்களாம். சர்வரம்மா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போன் பண்ணினாள். கேஸ் ரெகுலேட்டர் மாத்தியாச்சு என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார். இரண்டு மாதமாக அவள் போன் பண்ணுவது அதற்குத்தான் என்று அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. படி, கேள்வி, பதில், படுக்கையில் உட்கார்ந்து மாற்றிய அரை நிமிடம், ஏழு மாதம், ஒன்று பன்னிரண்டு. நீங்கள் சொன்னது அத்தனையும் நிஜம், செய்தது நான்தான் என்றாள். நாளைக்கு அதிகாரி முன்னால் நானே வந்து சொல்கிறேன் என்றாள். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னாள்.

"இன்னைக்கு எத்தனை பேர்?" என்றார் கடைசியில்.

"பதினொண்ணு. எல்லாரையும் இறக்கியாச்சு."

"ஏழு மாசத்துல?"

"இன்னும் எண்ணலங்க. எண்ணணும்."

பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் போலிருக்கிறது. அந்த டீச்சருக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை, நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். அவர் போனதே அவளுக்குத் தெரியாது. இரண்டு மாதமாக வாரா வாரம் போய்க்கொண்டிருக்கிறாராம். மன்னிச்சிடுங்க என்று அவள் சொன்னாள். அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

"அது இருக்கட்டும்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள். "ஒண்ணு கேக்கறேன், உள்ளதைச் சொல்லு. அந்த ஃபோட்டோ கிடைக்கலைன்னா?"

அவளால் எத்தனையோ பதில் சொல்லியிருக்க முடியும். கொஞ்சம் கொஞ்சமாக நம்ப ஆரம்பித்திருந்தேன் என்று சொல்லலாம். மனசுக்குள் எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது என்று சொல்லலாம். சொன்னால் அவர் ஏற்றுக்கொள்வார், அப்படிப்பட்ட மனுஷர்தான். சர்வரின் விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. திரையில் அவர் இன்னும் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"நம்பியிருக்க மாட்டேங்க" என்றாள்.

"ம்" என்றார் அவர்.

அவர் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.